மார்ச் முடியட்டும்

"பிடிக்கலைன்னா விட்டுடலாமே, உனக்கென்ன தலையெழுத்தா?"

பணி ஓய்வுக்குப் பிறகு இன்னொரு வேலையில் சேர்ந்த யாரும் இதைக் கேட்காமல் தப்பித்திருக்க முடியாது. மகள் பெங்களூரிலிருந்து போனில் சொன்னாள். அக்கா சொன்னாள். என்னோடு ஓய்வு பெற்ற தோழிகள் வாட்ஸாப் குழுவில் சொன்னார்கள். என் கணவர் ஏறக்குறைய தினமும் சொன்னார். எல்லோரும் என் மேல் உள்ள அக்கறையில்தான் சொன்னார்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனாலும் புது வேலையின் முதல் மாதங்களில் என்னைப் பிடித்து ஆட்டிய பயத்துக்குத் தீனி போட்டது இந்த வாக்கியம்தான் என்று உறுதியாக நினைக்கிறேன். ஏன் அப்படி நினைக்கிறேன் என்று எழுதிப் பார்த்தால்தான் மனம் ஆறும் போலிருக்கிறது.

நான் 1986-இல், வங்கிகளுக்கு ஆள் எடுக்கும் வாரியமான பிஎஸ்ஆர்பி நடத்திய தேர்வு எழுதி ஒரு தேசிய வங்கியில் கிளார்க்காகச் சேர்ந்தவள். முதல் நாள் கவுன்டரில் உட்கார்ந்தபோது கை நடுங்கியது. செக்கை வாங்கிக்கொண்டு பித்தளை டோக்கனைக் கொடுக்க வேண்டும், கனத்த லெட்ஜரைப் புரட்டிக் கணக்கில் பணம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், பதிவு போட்டு ஆபீசர் மேசைக்கு அனுப்ப வேண்டும். கூட்டலில் ஒரு ரூபாய் இடித்தாலும் சாயங்காலம் டேலி ஆகாது. டேலி ஆகாமல் யாரும் வீட்டுக்குக் கிளம்ப முடியாது. சீனியர்கள் எல்லோரும் பஸ் நேரம் பார்த்துக்கொண்டு நிற்பார்கள், தப்பு யாருடைய லெட்ஜரில் என்று தேடுவார்கள். அந்தப் பயம் இப்போதைய பயத்தைவிடச் சின்னது என்று சொல்ல மாட்டேன். ராத்திரித் தூக்கத்தில்கூடக் கூட்டல் போட்டிருக்கிறேன். ஆனால் நாளைக்குப் போகலாமா வேண்டாமா என்ற கேள்வி ஒரு நாளும் வந்ததில்லை. வீட்டில் படித்துக்கொண்டிருந்த தங்கைகள் இருந்தார்கள், அப்பாவின் சம்பளம் மட்டும் இருந்தது, என் ப்ரொபேஷன் முடியவில்லை. காலையில் கிளம்பினேன். பயமும் கூடவே வந்தது, சில மாதங்களில் எப்போது போனது என்று தெரியாமல் போய்விட்டது.

60 வயதில் நிலைமையே வேறு. மாதாமாதம் பென்ஷன் வருகிறது, பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் டிஏ திருத்துகிறார்கள். சொந்த வீடு. மகளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. பேரனைப் பார்த்துக்கொள்ளப் பெங்களூருக்கு வந்துவிடுங்கள் என்று நிரந்தர அழைப்பு வேறு இருக்கிறது. இந்த நிலையில் ஒருத்தி காலையில் டிஃபன் டப்பாவோடு வேலைக்குக் கிளம்பினால் அது அவள் தானாகச் செய்கிற முடிவு. ஒரு தடவை முடிவு செய்துவிட்டால் போதும் என்றுதான் நானும் நினைத்தேன். அப்படி இல்லை. விட்டுவிடலாம் என்ற வழி திறந்தே இருப்பதால், தினமும் காலையில் அந்த முடிவை முதலிலிருந்து எடுக்க வேண்டியிருந்தது.

ஏன் சேர்ந்தாய் என்று கேட்பீர்கள். பணத்துக்காக இல்லை. ஓய்வு பெற்ற பிறகு வந்த மாதங்களில் எனக்கு வங்கி வேலை பார்க்க வேண்டும் போலவே இருந்தது. வவுச்சர் கட்டைப் பிரித்துப் படிப்பதில் எனக்கு ஒரு சந்தோஷம் உண்டு. அது சிலருக்குப் புரியும், சிலருக்குப் புரியாது.

மண்ணச்சநல்லூர் பக்கம்

வேலை, கன்கரண்ட் ஆடிட். வருடம் முடிந்த பிறகு வந்து பார்க்கும் தணிக்கை இல்லை இது. நேற்று நடந்ததை இன்று பார்ப்பது. நகைக்கடன் கொடுத்திருந்தால் மதிப்பீட்டாளர் சான்றிதழில் மொத்த எடையும் கல் போக நிகர எடையும் தனித்தனியாக எழுதியிருக்கிறதா, கடன் தொகை நகை மதிப்பில் அனுமதித்த விகிதத்தைத் தாண்டுகிறதா, புதுக் கணக்குகளுக்குக் கேஒய்சி என்கிற அடையாள ஆவணங்கள் முழுதாக இருக்கிறதா, கடன் வாங்கியவர் எழுதிக் கொடுத்த டிபி நோட்டுக்கு மூன்று வருடம் நெருங்குகிறதா, எதில் சேர்ப்பது என்று தெரியாத பணத்தைத் தற்காலிகமாக வைக்கிற சஸ்பென்ஸ் கணக்கில் ஏதாவது தொகை மாதக்கணக்கில் கிடக்கிறதா என்று பார்த்து மாதாமாதம் அறிக்கை ஏற்ற வேண்டும். வங்கிகள் இதற்கு ஆடிட்டர் நிறுவனங்களையும் ஓய்வு பெற்ற வங்கி அதிகாரிகளையும் ஒப்பந்தத்தில் எடுக்கின்றன. நான் வேலை பார்த்த வங்கியில் இல்லாமல் வேறொரு வங்கியில், மண்ணச்சநல்லூர் பக்கத்துக் கிளை ஒன்று எனக்குக் கிடைத்தது. திருவானைக்காவலில் ஏறினால் கொள்ளிடம் பாலம் தாண்டி, நம்பர் 1 டோல்கேட் தாண்டி, துறையூர் ரோட்டில் போகிற பஸ். தூரம் ஒன்றும் இல்லை. ஜனவரியில் சேர்ந்தேன்.

திருச்சிக்காரர்களுக்கு மண்ணச்சநல்லூர் என்றால் அரிசி ஆலைதான். நான் சேர்ந்தபோது சம்பா அறுவடை ஆரம்பித்திருந்தது. ஆலைக்காரர்கள் நெல்லை வாங்கிக் குவிக்கும் நேரம். சரக்கின் பேரில் கொடுக்கிற கேஷ் கிரெடிட் கடன் கணக்குகள் எல்லாம் லிமிட் வரைக்கும் ஏறி நிற்கும். ஆலையில் எத்தனை மூட்டை நெல், எத்தனை மூட்டை அரிசி இருக்கிறது என்று மாதாமாதம் ஸ்டாக் ஸ்டேட்மென்ட் கொடுப்பார்கள். அதில் கடனுக்கு வாங்கிய சரக்கைக் கழித்து, ஆலைக்காரர் தன் பங்காகப் போட வேண்டிய மார்ஜினைக் கழித்து, எவ்வளவு பணம் எடுக்கலாம் என்று கணக்குப் போட வேண்டும். இது எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. கிளை மேலாளரோடு முதல் ஆலைக்குப் போன அன்று, நெல் அவிக்கும் வாசனையில் அடுக்குகளை எண்ணிக்கொண்டு நின்றபோது மட்டும் எனக்கு எந்தப் பயமும் இல்லை. வேலை செய்துகொண்டிருந்த நேரங்களில் பயம் குறைவு, வேலைக்கு முன்னாலும் பின்னாலும்தான் அதிகம் என்பது அப்போதே தெரிந்திருக்க வேண்டிய விஷயம்.

பயத்துக்குக் காரணங்கள் இருந்தன. மென்பொருள் வேறு. என் பழைய வங்கியில் மெனு குறியீடுகள் விரலுக்கே தெரியும், திரையைப் பார்க்காமல் அடிப்பேன். இங்கே ஒரு கணக்கின் ஸ்டேட்மென்ட் எடுக்கவே யாரையாவது கேட்க வேண்டியிருந்தது. அடுத்தது பொறுப்பு. கிளையில் ஒரு பெரிய முறைகேடு நடந்து அது ஆடிட்டர் கண்ணில் படாமல் போனால், ஆடிட்டரும் பதில் சொல்ல வேண்டும். ஒரு மாத அறிக்கையில் என் கையெழுத்து விழுகிறது என்றால் அந்த மாதத்துக்கு நான் ஜவாப்தாரி. இந்த இரண்டும் நியாயமான பயங்கள். இவற்றுக்கு விலாசம் உண்டு. இன்ன மெனு தெரியவில்லை என்றால் கற்றுக்கொள்ளலாம், இன்ன கணக்கு சந்தேகமாக இருக்கிறது என்றால் இன்னொரு தடவை பார்க்கலாம்.

விலாசம் இல்லாத இன்னொன்று இருந்தது. இந்த வட்டாரத்தில் என் பழைய வங்கியின் எந்தக் கிளைக்குள் நுழைந்தாலும் யாராவது ஒருவர் எழுந்து "வாங்க மேடம்" என்பார்கள். இவளுக்கு இன்னது தெரியும், இன்ன வருடம் இன்ன கிளையில் ஒரு சிக்கலைத் தீர்த்தவள் என்பது எனக்கு முன்னாலேயே அங்கே போய்ச் சேர்ந்திருக்கும். இங்கே எனக்கு ஸ்டேஷனரி அலமாரிக்குப் பக்கத்தில் ஒரு மேசை, பார்க்க மட்டும் அனுமதிக்கிற ஒரு யூசர் ஐடி. ஆடிட்டருக்கு அப்படித்தான் கொடுக்க வேண்டும், அதுதான் விதி. எல்லோரும் மரியாதையாகத்தான் நடந்துகொண்டார்கள். ஆனால் என்னைப் பற்றி யாருக்கும் ஒன்றும் தெரியாது. நான் ஒரு சின்னக் கேள்வி கேட்டால், இந்த அம்மாவுக்கு இதுகூடத் தெரியவில்லையே என்று நினைப்பார்களோ என்று தோன்றும். கேட்காமல் விட்டால் வேலை நிற்கும். 21 வயதில் ஒன்றும் தெரியாமல் இருப்பது இயல்பு, யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள். 60 வயதில் அதே நாற்காலியில் உட்காரும்போது நமக்குத் தெரிந்தது அவ்வளவும் உள்ளே இருக்கிறது, வெளியே எடுத்துக் காட்ட இடமில்லை. பதற்றத்தின் அடிவேர் இதுதான் என்று எனக்குப் படுகிறது. ஆனால் அந்த வேரைப் புரிந்துகொண்டதால் மட்டும் பதற்றம் குறையவில்லை.

உடம்பு முந்திக்கொள்கிறது

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு மேல் அடிவயிற்றைப் பிசைய ஆரம்பிக்கும். விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வரும். நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும். வாய் வறண்டு போகும். இட்லி தொண்டைக்குள் இறங்காது. கிளம்பும் நேரத்தில் மறுபடி மறுபடி பாத்ரூம். இதெல்லாம் மனசு சம்பந்தப்பட்டது என்று எடுத்தவுடன் முடிவு கட்டிவிடக் கூடாது, குறிப்பாக நம் வயதில். பெண்களுக்கு மாரடைப்பு நெஞ்சுவலியாகத்தான் வரும் என்று இல்லை. மூச்சு வாங்குவது, குமட்டல், தாடை வலி, காரணம் தெரியாத அசதி என்றும் வரலாம். படபடப்புக்குத் தைராய்டு காரணமாக இருக்கலாம், ரத்தசோகை காரணமாக இருக்கலாம். நான் முதலில் டாக்டரிடம் போய் ஈசிஜி, தைராய்டு, சர்க்கரை எல்லாம் பார்த்துக்கொண்டேன். எல்லாம் சரியாக இருந்தது. சரியாக இருக்கிறது என்று தெரிந்துகொண்டதே பாதி வைத்தியம்.

என் பழைய தோழி ஒருத்தி, ஓய்வுக்குப் பிறகு ஒரு தனியார் கல்லூரி அலுவலகத்தில் கணக்குப் பார்க்கப் போனாள். பதினொரு மணியானால் கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும், கண் இருட்டும். புது இடத்துப் பயம் என்றே எல்லோரும் சொன்னார்கள், அவளும் நம்பினாள். கடைசியில் பார்த்தால் சர்க்கரைக்கு கிளிமெபிரைடு மாத்திரை காலையில் போட்டுக்கொள்கிறாள், பதற்றத்தில் டிஃபன் இறங்காததால் பாதி இட்லியோடு கிளம்பிவிடுகிறாள். மாத்திரை சர்க்கரையைத் தாழ்வுக்குக் கொண்டுபோகிறது. தாழ்சர்க்கரையும் பதற்றமும் வெளிப்பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும், நடுக்கம், வியர்வை, படபடப்பு எல்லாம் அதேதான். அந்த மாதிரி மாத்திரை சாப்பிடுகிறவர்கள் புது வேலைக்குப் போகும்போது டாக்டரிடம் அதைச் சொல்லி, நேரத்தையும் அளவையும் கேட்டுக்கொள்ள வேண்டும். தோழிக்கு மாத்திரையை மாற்றிக் கொடுத்தார்கள். நடுக்கம் நின்றது. பயம் கொஞ்சம் இருக்கத்தான் செய்தது, ஆனால் அது பயத்தின் அளவில் இருந்தது.

ராத்திரியில் பேச ஆள் வேண்டும் என்று தோன்றினால் 14416 என்ற எண் இருக்கிறது. மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் மனநல உதவி எண், எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழிலும் பேசுவார்கள். எங்கள் வயதுக்காரர்கள் மனநலம் என்ற சொல்லைக் கேட்டாலே பின்வாங்குகிறோம். பிபிக்கு மாத்திரை போடுவதைப் பெருமையாகக்கூடச் சொல்லுவோம், தூக்கம் வராததை மறைப்போம். இந்த விஷயத்தில் என் மகள் வயதுக்காரர்கள் எவ்வளவோ தெளிவாக இருக்கிறார்கள்.

அந்த ஞாயிறு

பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி. சாப்பிட உட்கார்ந்திருந்தோம். அந்த வாரம் நான் எழுதியிருந்த ஒரு நகைக்கடன் குறிப்புக்கு மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டிருந்தார்கள். பெரிய விஷயம் இல்லை, ஒரு பாக்கெட்டின் எடை பதிவேட்டில் ஒரு மாதிரியும் சான்றிதழில் ஒரு மாதிரியும் இருந்தது. நான் எழுதியது சரிதான். ஆனாலும் சனிக்கிழமையிலிருந்து அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். சாதத்தைப் பிசைந்துகொண்டே, "நாளைக்குப் போகணுமான்னு இருக்குங்க" என்றேன். வழக்கமாக அவர் உடனே, "விட்டுடு, நமக்கு எதுக்கு" என்பார். அவர் அப்படிச் சொன்னால் எனக்குக் கொஞ்ச நேரம் லேசாக இருக்கும். அப்புறம், விடுவதா என்று யோசனை வரும். விட்டால் தோற்றுப்போன மாதிரி ஆகுமே என்று தோன்றும். விடவில்லை என்றால் இந்த வயிற்றுவலி எத்தனை நாளைக்கு என்று தோன்றும். இரண்டுக்கும் நடுவில் நள்ளிரவு தாண்டிவிடும்.

அன்றைக்கு அவர் அப்படிச் சொல்லவில்லை. கையைத் தட்டில் அப்படியே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "மார்ச் முடியட்டும். முப்பத்தொண்ணாம் தேதி வரைக்கும் இந்தப் பேச்சு இந்த வீட்ல வேண்டாம். நீயும் கேட்காதே, நானும் விட்டுடுன்னு சொல்ல மாட்டேன். அதுக்கப்புறம் உட்கார்ந்து பேசலாம்" என்றார். அவர் பள்ளி ஆசிரியராக இருந்தவர். பிளஸ் டூ பிள்ளைகளிடம் பேசுகிற குரல் அது. எனக்குக் கோபம் வந்தது. நான் படுகிற பாட்டைப் பக்கத்தில் இருந்து பார்க்கிறார், ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா என்று இருந்தது. அவர் மேற்கொண்டு ஒன்றும் சொல்லவில்லை. மோரை ஊற்றிச் சாப்பிட்டு முடித்தார், கேட்டைப் பூட்டப் போய்விட்டார்.

அன்றும் மூன்று மணிக்கு விழிப்பு வந்தது. படபடப்பும் வந்தது. வழக்கமான கேள்வியும் வந்தது, போகணுமா என்று. அதற்குப் பதில் ஏற்கெனவே இருந்தது. மார்ச் வரைக்கும் போகத்தான் வேண்டும். யோசிக்க ஒன்றுமே இல்லை. இதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை, இருட்டில் படுத்துக்கொண்டு அந்தக் கேள்வியைத் தூக்கிப் பார்த்தேன், அதற்குக் கனமே இல்லை. மனம் கொஞ்ச நேரம் அங்கேயே சுற்றிவிட்டு, சரி, போகத்தானே போகிறோம், நாளைக்கு முதலில் என்ன பார்ப்பது என்ற இடத்துக்கு வந்தது. எடை வித்தியாசத்துக்கு என்ன பதில் எழுதுவது என்று மனசுக்குள்ளேயே வாக்கியம் அமைத்தேன். அது முடிவதற்குள் தூங்கிவிட்டேன்.

பதற்றத்துக்கு ஒரு குணம் உண்டு என்று மனநல மருத்துவர்கள் சொல்வார்கள். பயந்த இடத்துக்குப் போகாமல் தவிர்த்தால் அந்த நிமிடமே நிம்மதி கிடைக்கும். அந்த நிம்மதிதான் பயத்தை வளர்க்கும். போகாததால்தான் தப்பித்தோம் என்று உடம்பு கற்றுக்கொள்ளும், அடுத்த தடவை போவது இன்னும் கடினமாகும். நான் ஒரு நாளும் லீவு போடவில்லை. ஆனால் 'விட்டுடு' என்ற சொல்லைக் கேட்கும்போது கிடைத்ததும் அதே ரகத்து நிம்மதிதான். லீவு போடாமலேயே, போகாததன் சுகத்தைக் கொஞ்சம் சுவைத்துவிட்டு, மறுநாள் அதிகப் பயத்தோடு கிளம்பிக்கொண்டிருந்தேன். அன்பாகச் சொல்கிறவர்களுக்கு இது தெரிய வாய்ப்பில்லை. அவர்கள் கண்ணுக்கு முன்னால் நம் முகம் கொஞ்சம் தெளிகிறது, அவ்வளவுதான் அவர்களுக்குத் தெரியும்.

தேதி ஏன் மார்ச் 31 என்பது வங்கியில் இருந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வருடக் கணக்கு முடியும் நாள். அந்த நாளை நோக்கி ஓடுவது எங்கள் ரத்தத்தில் ஊறியது. 'கொஞ்ச நாள் பார்' என்று அவர் சொல்லியிருந்தால் ஒன்றும் நடந்திருக்காது என்று நினைக்கிறேன். கொஞ்ச நாள் என்பது நாளைக்கே முடிந்துவிடலாம். எனக்கு அர்த்தமுள்ள ஒரு தேதியை அவர் எடுத்துக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு மற்ற உபாயங்களும் வேலை செய்ய ஆரம்பித்தன. முன்பும் செய்து பார்த்தவைதான். ஒரு நோட்டு வைத்து மெனு குறியீடுகளை எழுதிக்கொண்டேன். கேள்விகளை அப்போதைக்கப்போது கேட்காமல் சேர்த்து வைத்து, கூட்டம் குறைந்த மத்தியான நேரத்தில் துணை மேலாளரிடம் மொத்தமாகக் கேட்டேன். "எங்க பேங்க்ல இதை வேற மாதிரி பண்ணுவோம், இங்க எப்படி?" என்று ஆரம்பித்தால் கேட்பதில் கூச்சம் இல்லை. அவருக்கும் இன்னொரு வங்கியில் எப்படிச் செய்கிறார்கள் என்று தெரிந்துகொள்வதில் ஆர்வம் இருந்தது. இரண்டாவது காபியை நிறுத்தினேன். ஞாயிறு சாயங்காலம் வீட்டில் உட்காராமல் அம்மா மண்டபம் வரைக்கும் நடந்துவிட்டு வந்தேன். போகலாமா வேண்டாமா என்ற வழக்கு வீட்டில் நடந்துகொண்டிருந்தவரை இவற்றில் ஒன்றும் பலிக்கவில்லை, அது ஒத்திவைக்கப்பட்ட பிறகு ஒவ்வொன்றாகப் பலன் கொடுத்தது.

எல்லா வேலையிலும் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மரியாதைக் குறைவாக நடத்துகிற இடம், பேசின சம்பளம் தராத இடம், தப்பான காகிதத்தில் கையெழுத்துக் கேட்கிற இடம் என்றால் அன்றைக்கே இறங்கிவிட வேண்டும். உடம்பு முடியவில்லை என்று டாக்டர் சொன்னாலும் அப்படித்தான். தேதி குறிப்பது புது இடத்துக் கலக்கத்துக்குத்தான் மருந்து. மார்ச் முடிந்தது, உட்கார்ந்து பேசினோம், பேச அதிகம் இருக்கவில்லை. அடுத்த தேதி செப்டம்பர் 30 என்று வைத்துக்கொண்டேன்.

வழியே இல்லாதவர்

கிளையை ஒட்டிய ஏடிஎம்முக்கு ஒரு காவலாளி இருக்கிறார். ஒரு தனியார் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், இப்போது ஒரு ஏஜென்சி மூலம் வந்திருக்கிறார். பிஎஃப் பென்ஷன் என்ன வருகிறது என்று ஒரு நாள் சொன்னார். அந்தத் திட்டத்தில் குறைந்தபட்சப் பென்ஷன் 2014-இல் 1,000 ரூபாய் என்று வைத்தார்கள், அவருக்கு வருவது அதைவிடப் பெரிதாக ஒன்றும் இல்லை. அவரிடம் யாரும் பிடிக்கலைன்னா விட்டுடு என்று சொல்லப் போவதில்லை. என் கதையில் நான் சிரமப்பட்டு மூடிக்கொண்ட கதவு அவருக்கு முதலிலிருந்தே இல்லை. அதனால் அவருக்குப் பயம் இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. ஏஜென்சி வருகைப் பதிவைப் போனில் வைத்திருந்தது, முகத்தைக் காட்டி போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும். வெளிச்சம் போதாமல் அது ஏற்கவில்லை என்றால் அன்றைய சம்பளம் போய்விடுமோ என்று நைட் ஷிஃப்ட் முடியும் வரை அதையே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். "கை நடுங்குதும்மா, நடுங்குறதால போட்டோவும் சரியா விழ மாட்டேங்குது" என்றார். காலையில் நான் வரும் நேரத்தில் அவர் ஷிஃப்ட் மாறும். ட்யூப் லைட்டுக்கு நேராக நின்று, போனைச் சுவரில் சாய்த்து வைத்து எடுக்கக் காட்டிக் கொடுத்தேன். தானாக எடுக்க வரும்வரை காலையில் பக்கத்தில் நின்றேன். இப்போது அவரே எடுத்துவிடுகிறார்.

ஏஜென்சிகள் 60 வயதுக்காரர்களை அவ்வளவு பேர் வேலைக்கு எடுக்கின்றன. யூனிஃபார்ம் கொடுத்து, அன்றைக்கு ராத்திரியே தனியாக நிறுத்திவிடுகின்றன. முதல் ஒரு வாரம் பழகிய காவலாளி ஒருவரோடு சேர்த்துப் போடட்டும், அந்த வாரத்துக்கும் முழுச் சம்பளம் கொடுக்கட்டும். இவர்களை வாடகைக்கு எடுக்கிற வங்கிகளும் ஒப்பந்தத்திலேயே அதைக் கேட்கலாம். அடுத்த மாத அறிக்கையில் இதை என் யோசனையாக எழுதப் போகிறேன். கன்கரண்ட் ஆடிட்டரின் வேலை வரம்புக்குள் இது வருமா என்று துணை மேலாளர் கேட்டார். ஏடிஎம் பாதுகாப்பு என்று ஒரு தலைப்பு படிவத்தில் இருக்கிறது, அதன் கீழே எழுதுவேன்.